அதே விலை, அதே மணம்

1

இந்தக் கதை ஒரு சொல்லை அடித்ததில் பிறந்தது. அடித்தவர் எங்கள் மேனேஜர். பார்த்துக்கொண்டு சும்மா நின்றவன் நான்.

வருஷம் 1973. திருவள்ளூருக்கு வெளியே இருந்த ஒரு சோப்புக் கம்பெனியின் விளம்பர வேனில் மைக் பிடிப்பது என் வேலை. வாசகம் எழுதுவதும் நான்தான். "வெண்முத்து குளியல் சோப்பு! அதே விலை, அதே எடை!" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் 'எடை'யை அடித்துவிட்டு 'மணம்' என்று போட்டார். "இதுதான் காதுக்கு நல்லா இருக்கு" என்றார்.

(விலை, எடை என்பதுதான் காதுக்கு நன்றாக இருந்தது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் மைக்கை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினேன்.)

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

"பழவேற்காடு ஏரியின் மேல் காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை..." வேண்டாம். கதிரவனுக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை.

"வாங்குபவன் ஏமாற்றப்படுவது இன்று நேற்றல்ல, காலங்காலமாக..." இது கட்டுரை. எல்லம்மா கேட்டால் கொட்டாவி விடுவாள்.

"எல்லம்மா சோப்புத் திருடி என்று பெயர் வாங்கியிருந்தாள்."

இதுதான். வளவளவென்று பேசாமல் இங்கே தொடங்குகிறேன்.

3

எல்லம்மா சோப்புத் திருடி என்று பெயர் வாங்கியிருந்தாள். அதுவும் சொந்த வீட்டில். பழவேற்காட்டை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்தில் அவளுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். புருஷன் துலுக்காணம் மாதத்துக்கு ஒரு வெண்முத்து சோப்பு வாங்கிப் போடுவான். முதல் வருஷம் அது இருவருக்கும் மாதம் முழுக்க வந்தது. மூன்றாம் வருஷம் பதினைந்து நாளில் தீர்ந்தது. அதே சோப்பு, அதே காகிதம், அதே விலை. மாறக்கூடியது பெண்டாட்டி மட்டும்தான் என்று அவன் முடிவு கட்டிவிட்டான்.

சோப்பின் மேல் நகத்தால் கோடு கீறி வைத்தான்.

"இன்னாமே, நேத்து கீறின கோடு காணோம்?"

"தண்ணில கரைஞ்சி பூட்ச்சிய்யா."

"மின்னெல்லாம் கரையாத சோப்பு இப்ப மட்டும் கரையுதா? உங்கம்மா ஊட்டுக்கு இட்டுக்கினு போறியா?"

பிறகு சோப்பைப் பரண் மேல் வைத்துக்கொண்டான். அவள் குளிக்கப் போகும்போது கையில் எடுத்துக் கொடுப்பான். குளித்து வந்ததும் கை நீட்டி வாங்கிக்கொள்வான். விஷயம் குப்பம் முழுக்கப் பரவியது. எல்லம்மா உள்ளே வந்தால் பக்கத்து வீட்டுக்காரி சீப்பை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வாள். இதையெல்லாம் பிற்பாடு எனக்குச் சொன்னது கருவாட்டு வியாபாரி கங்கம்மாள்.

[துலுக்காணத்தைக் குடிகாரனாக, அடிக்கிறவனாக எழுதிப் பார்த்தேன். பேனா ஓடவில்லை. அவன் பெண்டாட்டியை அடித்ததில்லை. அந்த சோப்பு அவனையும்தான் ஏமாற்றியது. ஆனால் திருடனை வீட்டுக்குள்ளேயே தேடினான் பாருங்கள், அதில்தான் எனக்குக் கோபம்.]

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேன் குப்பத்துக்குள் போனது. கூம்பு ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டோம். கூட்டம் சேர்ந்தது. "அதே விலை, அதே மணம்!" என்று நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது எல்லம்மா முன்னால் வந்தாள். கையில் காகிதம் பிரிக்காத ஒரு வெண்முத்து.

"இது எங் கல்யாணத்துல வாங்கினது. பொடவை வாசமா இருக்கட்டும்னு பொட்டில போட்டு வச்சேன். உங்கிட்ட கீற புதுசு ஒண்ணு குடு நைனா."

கொடுத்தேன். வாங்கப்போகிறாள் என்று நினைத்தேன். (விற்பனைக்காரன் புத்தி.) அவள் இரண்டையும் இரண்டு கிண்ணத் தண்ணீரில் போட்டாள். நான் இரண்டு பாட்டு போட்டு முடிப்பதற்குள் புதுசு கூழாகிவிட்டது. பழசு கட்டியாகவே கிடந்தது.

கூட்டம் என்னைப் பார்த்தது. எனக்கு மூளை வேலை செய்தது. "அம்மா, உங்க சோப்பு மூணு வருஷமா பொட்டியில காஞ்சு கெட்டியாயிடுச்சு. அதான் கரையல. புதுசுல ஈரம் இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றேன்.

நல்ல பதில். எழுதும்போது நானே ஒரு நிமிஷம் கதையை இங்கேயே நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். கூட்டமும் தலையாட்டியது. துலுக்காணம் தூரத்தில் வலை உலர்த்திக்கொண்டே சிரித்தான்.

எல்லம்மா சிரிக்கவில்லை. முந்தானையில் முடிந்திருந்த இன்னொரு பழைய சோப்பை எடுத்தாள்.*

"காஞ்சி பூட்ச்சின்றே?"

"ஆமா."

"காஞ்சா எடை ஏறுமா, எறங்குமா?"

எனக்கு முன்னால் அந்தக் கூட்டத்துக்கு விளங்கிவிட்டது. மீனைக் காயவைத்தே பிழைக்கிற ஜனம். ஒரு கூடை மீன் காய்ந்தால் எத்தனை பிடி கருவாடு என்று அங்கே குழந்தைக்கும் தெரியும்.

"எக்கோவ், தராசு கொண்டா!" என்றாள் எல்லம்மா. கங்கம்மாள் கருவாட்டுத் தராசைத் தூக்கிப் பிடித்தாள். ஒரு தட்டில் மூன்று வருஷம் காய்ந்த சோப்பு, இன்னொன்றில் அப்போதுதான் வேனிலிருந்து எடுத்த ஈர சோப்பு. காய்ந்தது விர்ரென்று கீழே இறங்கியது.

"மீன விட கருவாடு கனக்குமாடா நைனா?" என்று கேட்டாள் கங்கம்மாள். குப்பமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காற்றைக் கலந்து சோப்புக் காய்ச்சியிருக்கிறார்கள். மேனேஜர் 'எடை'யை ஏன் அடித்தார் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

* எத்தனை சோப்பு வைத்திருந்தாள் என்று கேட்பீர்கள். இரண்டு. பெட்டியில் இரண்டு புடவை, புடவைக்கு ஒன்று.

5

முதல் பிரதியில் இந்த இடத்தில் நான் பெருந்தன்மையோடு மைக்கை அவளிடம் நீட்டுகிறேன். பொய். அவள் பிடுங்கினாள்.

"அல்லாரும் கேட்டுக்கோங்கோ! நான் சோப்பு திருடல. எங்கம்மா ஊட்டுக்கு ஒண்ணியும் குடுக்கல. சோப்புதான் எளச்சிப் போச்சி, எங் கை நீளல!"

ஸ்பீக்கர் அதை ஏரி வரைக்கும் கொண்டுபோனது. தோணிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் பெரிசு.

"யோவ் துலுக்காணம்! காதுல வுழுதா?"

சிரிப்பு சட்டென்று நின்றது. அந்தக் குப்பத்தில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. ரேஷன் கார்டுக்காகக் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்தான் சொல்லுவார். எல்லம்மா மைக்கில் சொன்னாள். ஒரு தரம் அல்ல, மூன்று தரம். மூன்றாம் தரம் நாலைந்து பெண்கள் கைதட்டினார்கள். சீப்பை ஒளித்துவைத்தவளும் தட்டினாள்.

அன்று ஒரு சோப்பும் விற்கவில்லை. வாங்கியிருந்தவர்கள் திருப்பிக் கொண்டுவந்து வேனில் எறிந்தார்கள். ஒன்று என் நெற்றியில் பட்டது. வலிக்கவில்லை, அவ்வளவு லேசு. என் வாழ்நாளில் இத்தனை சந்தோஷமாக நான் தோற்றதில்லை.

6

துலுக்காணம் உலர்த்திய வலையை அப்படியே விட்டுவிட்டு வந்தான். கூட்டம் வழிவிட்டது. எல்லம்மா மைக்கை அவன் வாய்க்கு நேராக நீட்டினாள். "இப்ப சொல்லு" என்றாள்.

(அ) அவன் அழுதான். சினிமா.

(ஆ) பேசாமல் போய்ப் பரணிலிருந்த சோப்பை எடுத்துவந்து அவள் கையில்... இது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

(இ) "எடை போட்டதுல எதுனா..."

வேண்டாம். அவன் சொன்னது எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் நின்றேன். ஆனாலும் எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் அவனை மன்னித்துவிட்டோ திட்டிவிட்டோ புத்தகத்தை மூடிவிடுவீர்கள். உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று சீக்கிரம் தீர்ந்துபோகிறது. யாரையோ நீங்கள் சந்தேகப்பட்டுக் கேட்டிருப்பீர்கள்.

அவன் பதிலை நீங்களே எழுதுங்கள்.

துலுக்காணம்: "........................................"

யோசித்து எழுதுங்கள். மைக்கை இன்னும் அணைக்கவில்லை, குப்பமே கேட்டுக்கொண்டிருக்கிறது.