லேடீஸ் பேட்ச்

அன்றைக்கு மதியம் ஒன்றரை மணிக்கு ஆரப்பாளையம் மாடி ஜிம்மில் இருந்தவர்கள்: தையல்கடை ரோகிணி, வண்டியூர் தெப்பக்குளத்தில் பூ விற்கும் முனீஸ்வரி, லீவில் இருந்த பள்ளிக்கூட டீச்சர் ஸ்வப்னா, பிள்ளை பெற்று எட்டு மாதமான ஜெயக்கொடி. தலைக்கு மேல் தகரக் கூரை. அதில் ஆறு ஃபேன், ஒன்றும் சுற்றவில்லை. ஜிம்காரன் ராம்கி இல்லை. அந்த நேரத்துக்கு அவன் வீட்டில் ஏசியைப் போட்டுத் தூங்குவான். அதனால்தான் வாசல் சாவி ஒன்று ரோகிணியிடம் இருந்தது.

வைகாசி மாதம். முந்திய இரவு பேருக்கு ஒரு தூறல் விழுந்து, வெக்கையோடு புழுக்கத்தையும் சேர்த்துக் கிளப்பிவிட்டிருந்தது. ஜிம்மில் காலையும் மாலையும் ஆண்களுக்கு. யாருக்கும் வேண்டாத மதியம் பெண்களுக்கு. ஃபேன் சுவிட்சுகள் ராம்கியின் அறைக்குள் இருந்தன. போகும்போது அறையைப் பூட்டிவிட்டுப் போவான்.

"வேர்த்து ஊத்துனாத்தான்க்கா கொழுப்பு கரையும். ஊடால தண்ணி குடிச்சா அம்புட்டும் வீண்" என்பது அவன் சட்டம். வயிற்றில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொள்ளச் சொன்னதும் அவன்தான்.

ரோகிணி நம்பினாள். மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்காவிட்டால் ஊசி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அம்மாவின் கால் கட்டைவிரலைச் சர்க்கரை கொண்டுபோனதைப் பார்த்தவள் அவள். அந்தப் பயத்துக்கு யார் எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாள்.

"யக்கா, ஒரே ஒரு மடக்கு" என்றாள் முனீஸ்வரி, சைக்கிளை மிதித்துக்கொண்டே.

"இன்னும் பத்து நிமிசம்டி. இம்புட்டு நேரம் பொறுத்துட்டு இப்பப் போயிக் கெடுத்துக்காத."

ரோகிணி சொன்னதோடு விடவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்து எட்டாத இடத்தில் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் முனீஸ்வரியின் முகம் காய்ந்துபோயிருந்தது. மற்ற மூவரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள்.

"ஒனக்கு மட்டும் வேர்க்கவே இல்ல. ஏமாத்துறியா?" என்றாள் ரோகிணி.

"சாமி பொறப்பட்டுருச்சாக்கா? மாலை இன்னும் கட்டலையே" என்றாள் முனீஸ்வரி. அப்படியே சைக்கிளோடு சாய்ந்தாள்.

தொட்டால் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. பிளாஸ்டிக்கைக் கிழித்தபோது அடியில் வயிறு வெந்து சிவந்திருந்தது. மேலே தண்ணீரைக் கொட்டி, மூன்று பேரும் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஆட்டோவில் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கத்தவில்லை. "வேர்வை நின்னுச்சுன்னா ஒடம்பு தோத்துப்போச்சுன்னு அர்த்தம். தண்ணி குடிக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

ராம்கி சொன்னான் என்று ரோகிணி சொல்லலாம். பாட்டிலை நகர்த்தி வைத்த கை அவளுடையது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மூன்று பேரும் மாடியேறினார்கள். ஆறு ஃபேனும் சுற்றிக்கொண்டிருந்தன. ஓரத்தில் தண்ணீர் கேன், பக்கத்தில் டம்ளர். ராம்கி இருந்தான். ஆண்களில் அவன் கூட்டாளி தங்கப்பாண்டி மட்டும் வந்திருந்தான். தொப்பையைத் தடவிக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"முனீஸ்வரி ஆஸ்பத்திரியில கெடக்குறா" என்றாள் ரோகிணி.

"கேள்விப்பட்டேன்க்கா. சாப்பிடாம வந்திருக்கும். பொம்பளைங்க வழக்கமா அப்பிடித்தான்" என்றான் ராம்கி.

"ஃபேன் சுத்துது."

"காலையில வாரவங்கெல்லாம் வெயிட் தூக்குறவங்கக்கா. காத்து வேணும்ல."

"தண்ணி?"

தங்கப்பாண்டி கையிலிருந்த டம்ளரை அப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தான். "அப்ப எனக்கு மட்டும் கொழுப்பு கரைய வேணாமா மாப்ள?" என்று சிரித்தான். ராம்கியும் சிரித்தான்.

ரோகிணி சுற்றும் ஃபேன்களை அண்ணாந்து பார்த்தாள். இரண்டு மாதமாகத் தகரத்துக்கு அடியில் தன்னை வேகவைத்துக்கொண்டது இவன் சொன்னதை நம்பித்தான்.

"இனிமே காலையில ஆறுலேருந்து ஏழரை எங்களுக்கு."

"வெளையாடாதீங்கக்கா. ஆம்பளைங்கள மதியம் வரச் சொல்லவா? அந்த வெக்கையில மனுசன் வருவானா?"

என்ன சொன்னோம் என்பது அவனுக்கே கேட்கவில்லை. மூன்று பெண்களுக்கும் கேட்டது. ஸ்வப்னா ரோகிணியைப் பார்த்தாள். ரோகிணி ராம்கியின் அறையைப் பார்த்தாள். அது திறந்து கிடந்தது. மேஜைமேல் அவன் சாவிக்கொத்து.

"வா மாப்ள, டீயைக் குடிச்சுட்டு வருவோம்" என்று தங்கப்பாண்டியின் தோளில் கையைப் போட்டான் ராம்கி. தினமும் பசங்க வருமுன் அவனுக்கு ஒரு டீ. "யக்கா, நாங்க வாரதுக்குள்ள கெளம்பிருங்க. கோவத்த வீட்டுல வச்சுட்டு மதியம் வாங்க."

சாவிக்கொத்து மேஜைமேலேயே கிடக்க, இருவரும் படியிறங்கினார்கள். பாதிப் படியில் தங்கப்பாண்டி ஏதோ சொல்ல, இன்னொரு சிரிப்பு மேலே ஏறி வந்தது.

ஜெயக்கொடி டம்ளரைக் கழுவி, தண்ணீர் பிடித்து ரோகிணியிடம் நீட்டினாள். ரோகிணி நின்றவாக்கில் ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு போய் வாசல் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, உள்தாழ்ப்பாளைப் போட்டு, அதில் வாசல் பூட்டையே மாட்டிப் பூட்டினாள்.