கடனுக்கு மட்டும் ஒரு கையெழுத்து

சாட்சிக் கையெழுத்துப் போட வரச் சொன்னார்கள். போனேன். மகள் வீடு வாங்குகிறாள் என்றால் அப்பன் போகாமல் வேறு யார் போவது?

வக்கீல் அலுவலகம் மாடியில் இருந்தது. மேசைக்கு முன்னால் வரிசையாக நாற்காலிகள். நடு நாற்காலியில் மாப்பிள்ளையின் அண்ணன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். டைல்ஸ் கடை வைத்திருப்பவர். அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் பெரியவர். பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. அவருக்கு இடப்பக்கம் மாப்பிள்ளை, அண்ணன் கூட இருக்கும்போது வழக்கமாகச் செய்வதுபோல் தோளைக் குறுக்கிக்கொண்டு. கடைசியில், கதவை ஒட்டி, என் மகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

“வாங்க மாமா. ரெண்டு நிமிஷ வேலை. கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்” என்றார் பெரியவர்.

நான் கொதிகலன் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆலை முதலாளிகள் பலர் இதே தேன் குரலில் இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன். உள்ளே இறங்கித் தட்டிப் பார்க்காத கொதிகலனுக்கு நான் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் நாலு பேர் அதன் பக்கத்தில் நின்று வேலை செய்வார்கள்.

“முதல் பக்கத்துல இருந்து கொடுங்க” என்றேன்.

“உள்ள என்ன இருக்குன்னு சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்ல மாமா. இவங்க கையெழுத்துப் போடுறதைப் பார்த்தா போதும். என்ன மேடம்?”

வக்கீல் அம்மா தலையசைத்தார். “சட்டத்துக்கு அது போதுங்க.”

“எனக்குப் போதாது.”

மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தேன். பெரியவர் கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார். பார்க்கட்டும். வீட்டுக் கிரயப் பத்திரத்தில் வாங்குபவர்கள் என்ற இடத்தில் மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அண்ணன். வேறு யாரும் இல்லை. வங்கிக் கடன் ஒப்பந்தத்தைப் புரட்டினேன். அதில் அந்த இருவரோடு என் மகளும் இருந்தாள்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது.

“பத்திரத்துல என் பொண்ணு பேர் எங்கே?”

பெரியவர் சிரித்தார். “எங்க குடும்பத்துல யார் எந்தச் சொத்து வாங்கினாலும் மூத்தவன் பேர் அதுல இருக்கும் மாமா. எங்க அப்பா காலத்துப் பழக்கம். ஒரு மரியாதைக்குத்தான். பொம்பளைங்க பேரை நாங்க இதுல இழுக்கிறதில்ல.”

“கடன்ல இழுத்திருக்கீங்களே?”

“அது பேங்க்காரன் கேட்டது. என் கடைக் கணக்கை அவன் ஒத்துக்கலை. தம்பி சம்பளம் மட்டும் பத்தலை.”

மரியாதை அவருக்கு, தவணை என் மகளுக்கு. இவர்கள் வீட்டில் இதற்குப் பேர் பழக்கம்.

நான் வக்கீல் பக்கம் திரும்பினேன். “அம்மா, கடன்ல கையெழுத்துப் போட்டா வீட்டுல பங்கு உண்டா?”

“இல்லைங்க. பத்திரத்துல பேர் இருக்கிறவங்கதான் சொந்தக்காரங்க. அவங்க எல்லாரும் கடன்லயும் கையெழுத்துப் போட்டாகணும். ஆனா கடன்ல இருக்கிற எல்லாரும் பத்திரத்துல இருக்கணும்னு பேங்க் கேக்காது.”

“தவணை நின்னுபோனா?”

“மூணு பேர்ல யார்கிட்ட வேணும்னாலும் பேங்க் கேக்கலாம்.”

“அவங்கவங்க பங்குக்குத்தானே மேடம்?” இது என் மகள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“இல்லைம்மா. ஒருத்தர்கிட்டயே முழுசா கேக்கலாம்.”

“இவர் கடை முங்கிப்போனா?” என்று நான் விடாமல் கேட்டேன். “கடைக்குக் கொடுத்தவங்க இந்த வீட்டைத் தேடி வருவாங்களா?”

“பேங்க் கடன் போக மிச்சத்துல, இவர் பங்குக்கு வரலாம்.”

“என்ன மாமா, உக்காந்த இடத்துல என் கடையை முழுகடிக்கிறீங்க” என்றார் பெரியவர். நான் அவரைப் பார்க்கவில்லை.

“இதையெல்லாம் ஏன் இவகிட்ட முன்னாடியே சொல்லலை?”

“அவங்க கேக்கலை. நான் பேங்க் வக்கீல் சார். பேங்குக்காகத்தான் பார்க்கிறேன்.”

“அப்போ என் பொண்ணுக்கு யாரு வக்கீல்?”

மாப்பிள்ளை தன் விரல் நகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பெரியவர்தான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

“இவ்வளவு பேசுறீங்களே மாமா, உங்க வீட்டுப் பத்திரத்துல அத்தை பேர் இருக்கா?”

என்னை மடக்கிவிட்டதாக நினைப்பு.

“அவ பேர் மட்டும்தான் இருக்கு. நான் அங்கே வாடகை கொடுக்காத குடித்தனக்காரன். கோபம் வந்தா காலி பண்ணுன்னு சொல்லுவா.”

வக்கீல் அம்மா குனிந்து கோப்பைத் தேடுவதுபோல் சிரிப்பை மறைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து நின்றேன். “மாப்பிள்ளை, உங்களுக்குன்னு ஒரு வாய் இல்லையா? என் வீட்டுப் பொண்ணை என்ன நினைச்சு…”

“அப்பா, உக்காருங்க.”

மகள் குரலை உயர்த்தவில்லை. “பேசினது போதும். தவணை கட்டப்போறவ நான். நான் பேசிக்கிறேன்.”

நாலு பேர் முன்னால் அவள் என்னை அப்படிச் சொன்னதில்லை. உட்கார்ந்தேன்.

“அத்தான்” என்று பெரியவரைப் பார்த்தாள். “பாத்ரூமுக்கு டைல்ஸ்கூட நீங்களே எடுத்துட்டீங்க. பாசி பிடிச்ச மாதிரி ஒரு பச்சை. எனக்குப் பிடிக்கலை. நம்ம வீட்டுக்குத்தானேன்னு பேசாம இருந்தேன். என் வீடே இல்லைன்னு இப்பத்தான் தெரியுது.” பிறகு வக்கீலிடம், “மேடம், நான் கையெழுத்துப் போடலைன்னா இந்தக் கடன் வருமா?”

“வராதும்மா. உங்க சம்பளத்தை வச்சுத்தான் கொடுக்கிறாங்க.”

“அத்தான் போடலைன்னா?”

“பத்திரத்துல அவர் பேர் இல்லைன்னா, கடன்ல அவர் தேவையில்லை.”

“இப்ப பேரை மாத்த முடியுமா?”

“பத்திரம் இன்னும் பதியலையே. மாத்தலாம். கடன் அனுமதியையும் அதுக்கேத்த மாதிரி திருத்தி வாங்கணும். வீடு விக்கிறவர் ஒரு வாரம் பொறுத்துக்கணும்.”

“நான் அவர்கிட்ட பேசுறேன். இவர் பேரும் என் பேரும் போடுங்க. ரெண்டுலயும்.”

பெரியவர் எழுந்தார். முகம் கறுத்துவிட்டது. “தம்பி, கேட்டியா? உன் பொண்டாட்டி என்னை வெளிய போங்கிறா.”

மாப்பிள்ளை நகத்தை விட்டுத் தலையைத் தூக்கினார்.

“கடன்ல இருந்தும்தானேண்ணே உங்களை விடுறா” என்றார். “உங்களுக்குப் பாரம் குறைச்சல்.”

அப்பாவித்தனமாகச் சொன்னாரா, துணிந்து சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொன்னார், அது போதும்.

பெரியவர் கதவு வரை போய்த் திரும்பினார். “அந்தப் பச்சை டைல்ஸை வெட்டி வச்சாச்சு. அதை யார் தலையில கட்டுறது?”

“உங்க கடைதானே அத்தான்” என்றாள் என் மகள்.

படியிறங்கி வாசலுக்கு வந்த பிறகுதான், “திரும்ப எழுதினதும் சாட்சிக்கு வருவீங்கல்ல?” என்றாள்.

“முதல் பக்கத்துல இருந்து படிப்பேன்.”

“படிங்க. வாயை மட்டும் திறக்காதீங்க.”

திறக்கவில்லை. திருத்திய பத்திரத்தில் அவள் பேரைக் கண்ணால் பார்த்து, விரலால் தடவியும் பார்த்து, அவள் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

அதன் பிறகு பெரியவர் சமாதானமாகிவிட்டார். வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினார். மகளும் மாப்பிள்ளையும் போய்விட்டு வந்தார்கள். அது அவர்கள் இஷ்டம். நான் போகவில்லை, போகவும் மாட்டேன். என் மகள் கண் விழித்துச் சம்பாதித்ததில் தன் மரியாதையைக் கட்டிக்கொள்ளப் பார்த்தவர் வீட்டில் எனக்குத் தண்ணீர்கூட இறங்காது.