கொழும்புப் பாங்கு

மேலப்பாளையத்தில் அந்த வருஷம் ஆன்டெனாக்களுக்கும் தேசபக்தி வந்துவிட்டது. அதுவரைக்கும் மொட்டைமாடிக் குழாய்கள் எல்லாம் தென்கிழக்கைப் பார்த்துத்தான் நிற்கும். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து இலங்கை அரசாங்கத்தின் ரூபவாகினி பளிச்சென்று தெரியும். நம்முடைய தூர்தர்ஷனிலோ பாதி நேரம் உரம் போடும் முறை, மீதி நேரம் தடங்கலுக்கு வருந்துகிறோம். ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு சிலோன் என்ற பேச்சையே ஊரில் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். ஆன்டெனாக்கள் ஒவ்வொன்றாக வடக்கே திரும்பின. டீக்கடையில் யார் இந்த நாட்டுக்காரன், யார் இல்லை என்று தினமும் பட்டிமன்றம்.

அசன் முகம்மதுவின் வீட்டுக் குழாய் மட்டும் திரும்பவில்லை. காரணம் அவன் மனைவி ஹமீது பீவி. கொழும்பில் பிறந்தவள், பத்து வருஷத்துக்கு முன் கப்பலேறி வந்து இவனைக் கட்டிக்கொண்டவள். இரண்டு பெண் பிள்ளைகளும் இங்கே பிறந்தவை. அவள் மட்டும் இன்னும் அந்த நாட்டுப் பிரஜை. வருஷா வருஷம் தங்குவதற்கு அனுமதி வாங்கவேண்டும். இந்த முறை வீட்டுக்கே வந்து விசாரித்த பிறகுதான் அனுமதி என்று சொல்லிவிட்டார்கள். விசாரணை சரியில்லை என்றால் புருஷனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு அவள் மட்டும் விமானம் ஏறவேண்டியதுதான். அந்த நினைப்பிலேயே அவளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை.

அவளுடைய வாப்பா ஒரு மௌலவி. நோன்பு மாதத்து வெள்ளிக்கிழமைகளில், நோன்பு திறப்பதற்குச் சற்று முன்னால், ரூபவாகினியில் தமிழில் மார்க்கம் பேசுவார். முடிவில் துஆ கேட்பார். ‘தூரத்தில் இருக்கும் பிள்ளைகளையும் காப்பாற்று, ரப்பே’ என்று அதில் ஒரு வரி வரும். எல்லோருக்கும் பொதுவான வரிதான். ஹமீது பீவி அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு ஆமீன் சொல்லுவாள். உடனே, நோன்பு திறக்கலாம் என்று தொழுகைக்கு அழைக்கும் கொழும்புப் பாங்கு ஒலிக்கும். அங்கே சூரியன் நமக்குக் கொஞ்சம் முன்னாலேயே விழுந்துவிடும். அதனால் அவள் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இங்கே பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்வரை காத்திருப்பாள். வாப்பா இந்நேரம் தண்ணீர் குடித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வதில் அவளுக்கு ஒரு நிம்மதி.

விசாரணை வெள்ளிக்கிழமை காலை என்று தகவல் வந்தது. வியாழக்கிழமையே அசன் முகம்மது மாடியேறி ஆன்டெனாவை வடக்கே திருப்பிவிட்டான். மனைவிக்கும் பாடம் நடத்தினான். கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்டால் இந்தியா ஜெயிக்கவேண்டும். சிலோனைப் பற்றி எது கேட்டாலும் தெரியாது. கிரிக்கெட்டில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூட அறியாத பெண், பீடி சுற்றிக்கொண்டே அதை மனப்பாடம் செய்தாள். பயம் அப்படி.

காலையில் யாரும் வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. சாயங்காலம் அவள் புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

“போன வாரம் வாப்பா இருமிக்கிட்டே பேசுனாவ. இன்னைக்கு ஒரு தடவை முகத்தைப் பாத்துக்கிடுதேன். அப்புறம் நீங்க அதைக் கழட்டிக் கிணத்துல போட்டாலும் சரி.”

மனிதன் என்ன செய்வான்? இனிமேல் எந்த அதிகாரி வரப்போகிறார் என்று மறுபடி மாடியேறினான். அவன் குழாயைத் திருகத் திருக, பெட்டிக்குள் புள்ளிகள் விலகி வெள்ளைத் தாடி தெரிந்தது. தெரியுது என்று அவள் குரல் கொடுப்பதற்கும், வாசலில் சப் இன்ஸ்பெக்டர் குமரவேல் செருப்பைக் கழற்றுவதற்கும் சரியாக இருந்தது. வரக்கூடாத நேரத்தில் வருவதில் அரசாங்கம் ஒருநாளும் தவறியதில்லை.

கூட வந்தவர் ஏட்டு தாவூது. இதே ஊர்க்காரர், நோன்பாளி. குமரவேல் மரியாதை தெரிந்த மனிதர். நோன்பு நேரத்தில் வந்ததற்கு வருத்தம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். எப்போது வந்தாள், யார் யாருக்குக் கடிதம் போடுகிறாள் என்றெல்லாம் கேட்டார். கிரிக்கெட்டையும் விடவில்லை. இந்தியா என்றாள். எல்லாம் நல்லபடியாகவே போயிற்று. பிறகு அவர் பெட்டியின் பக்கம் திரும்பினார். கிழவர் இருமலுக்கு நடுவே பேசிக்கொண்டிருந்தார்.

“நல்லாப் பேசுதாரே. யாரும்மா இவரு?”

மாடிப்படியில் அசன் முகம்மது அப்படியே நின்றுவிட்டான். ஹமீது பீவி படித்த பாடத்தில் இந்தக் கேள்வி இல்லை. சிலோன் என்றால் தெரியாது என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது.

“தெரியாதுங்க. யாரோ ஒரு மௌலவி.”

சொன்ன வாய் வெந்துபோனது மாதிரி இருந்தது அவளுக்கு. பெட்டிக்குள் வாப்பா கைகளை ஏந்தினார். தூரத்தில் இருக்கும் பிள்ளைகளையும், என்றார். முதல்முறையாக அவள் ஆமீன் சொல்லவில்லை. யாரோ ஒரு மௌலவிக்கு எப்படிச் சொல்வது? கொழும்புப் பாங்கு எழுந்தது. பொங்கி வந்த அழுகையை அடைக்க எதையாவது வாயில் வைக்கவேண்டும். கையில் பேரீச்சம்பழம் இருந்தது. மென்று விழுங்கியும் விட்டாள்.

தாவூது பதறிப்போனார். போலீசாக அல்ல, நோன்பாளியாகத்தான் பதறினார்.

“என்ன தங்கச்சி, நம்ம பள்ளியில இன்னும் பாங்கு சொல்லலியே. நோன்பு முறிஞ்சி போச்சே.”

என்ன விஷயம் என்று குமரவேல் கேட்டார். தாவூது நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் மேலதிகாரி கேட்டால் சொல்லாமல் முடியுமா? கொழும்பில் பாங்கு முன்னால், இங்கே பின்னால் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அப்போ இத்தனை வருசமும் கொழும்பு நேரத்துக்குத்தான் இந்த வீட்டுல நோன்பு தொறக்கியளா?”

இல்லவே இல்லை என்று அவள் அழுதாள். ஒவ்வொரு நாளும் இந்த ஊர்ப் பாங்குக்குத்தான் காத்திருந்தேன், இன்றைக்கு மட்டும்தான் என்றாள். இன்றைக்கு மட்டும் ஏன் என்று அவர் கேட்டார். அதற்கு அவளிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

“அது எங்க வாப்பா.”

குமரவேல் பெட்டியைப் பார்த்தார். அதில் இப்போது ஏதோ சோப்பு விளம்பரம். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்திருக்கலாம்.

“கொழும்புல வாப்பா மௌலவியா இருக்காவன்னு ஒங்க மனுவுலயே போட்டிருக்கு. வாப்பாவைப் பாக்கேன்னு சொல்லியிருந்தா நான் எந்திரிச்சுப் போயிருப்பேன். பெத்த தகப்பனையே தெரியாதுன்னுட்டிய. நாளைக்கு இந்த நாட்டைக் கேட்டா என்னம்மா சொல்லுவிய?”

அவர் இறங்கிப் போனார். அவள் முகத்தைப் பார்க்காமல் தாவூதும் போனார். சார், சார் என்று அசன் முகம்மது தெருமுனைவரை பின்னாலேயே ஓடினான். ஜீப் கிளம்பிய பிறகும் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பினான். கையெல்லாம் ஆன்டெனாக் குழாயின் துரு. நாளைக்கு அவர் வீட்டுக்கே போய்க் கெஞ்சுகிறேன் என்றான். அது நடக்கிற காரியமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். தெரு முழுக்க நோன்பு திறந்தது. மூத்தவள் தங்கையையும் இழுத்துக்கொண்டு, பள்ளிவாசலில் வாங்கிய கஞ்சித் தூக்கோடு ஓடிவந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் கேட்கிற கேள்வியை அன்றைக்கும் கேட்டாள்.

“உம்மா, ஒங்க வாப்பா டிவியில வந்தாவளா?”

ஹமீது பீவி இரண்டு பிள்ளைகளையும் இழுத்து மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“வந்தாவ. நான்தான் தெரியாதுன்னுட்டேன்.”