ஏழு மட்டையிலும் ஒரே இடம்

பீம்ராவ் மட்டை வாங்கப்போகிறான் என்பது எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாவது மாடிவரைக்கும் தெரிந்துவிட்டது. எந்த மட்டை என்பதுதான் பீம்ராவுக்கே தெரியவில்லை. இருபது நாளாகக் கைப்பேசியை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு கெல்மோர் கம்பெனியா, டான்விக் கம்பெனியா என்று அல்லாடிக்கொண்டிருந்தான். பெண் பார்க்க வந்த அன்று ஐந்தே நிமிடத்தில் தலையாட்டிய ஆள் இவன். அதை அவன் பெண்டாட்டி யசோதரா இரண்டு தடவை சொல்லிக்காட்டியும் ஆயிற்று.

அவன் பதினெட்டு வருஷமாகக் கிண்டிப் பக்கத்துக் கோல்ஃப் மைதானத்தில் பெரிய மனுஷர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிறவன். மீதி நேரத்தில் அவனும் பந்தடிப்பான் என்பது யசோதராவுக்குத் தெரியும். ஆம்பிளைகள் கேரம் ஆடுகிறார்களே, அந்த மாதிரி ஒன்று என்று விட்டுவிட்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவன் ஒரு பந்து அடித்துக்கூட அவள் பார்த்ததில்லை.

இப்போது விஷயம் விளையாட்டில் நிற்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் பெங்களூரில் தகுதிச் சுற்று. நான்கு நாள் ஆடித் தேறிவிட்டால் தொழில்முறை ஆட்டக்காரன். அவன் பையை இன்னொருவர் தூக்குவார். தேறாவிட்டால் முப்பத்தெட்டு வயதுக்காரனுக்கு இன்னொரு வாய்ப்பு வருவது சந்தேகம். அவனிடம் இருந்ததோ ஏழு பேர் அதிகம் ஆடாமலே வேண்டாமென்று கழித்துப்போட்ட ஏழு இரும்புத்தலை மட்டைகள், ஒன்றுக்கொன்று சேராதவை. யசோதராவின் போனஸில் புதிதாக ஒரே ஒரு செட் வாங்கலாம்.

கெல்மோர், டான்விக் இரண்டுக்கும் ஊரில் கடை கிடையாது. இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால் கம்பெனிக்காரனே அளவுக்குச் செய்து நேராக வீட்டுக்கு அனுப்பிவிடுவான். நடுவில் கடைக்காரன் இல்லாததால் விலை பாதி. தொட்டுப் பார்க்க வழியில்லை, பிடிக்காவிட்டால் திருப்பித் தரவும் வழியில்லை. கெல்மோருக்குப் பருத்த தலை, உள்ளே வெற்றிடம். எங்கே பட்டாலும் பந்து ஒருமாதிரி நேராகப் போய்விடும். டான்விக் ஒரே துண்டு எஃகை அடித்து உருவாக்கிய மெல்லிய தலை. நட்டநடுவில் பட்டால் பந்து சொன்ன தூரத்தில் போய் நிற்கும். ஒரு விரற்கடை விலகினால் கை அதிரும், பந்து பாதி வழியில் விழும். பீம்ராவ் கடைசியில் கெல்மோர் படிவத்தைத்தான் திறந்தான். நீங்கள் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று கேட்ட இடத்தில், புதிதாகப் பழகுகிறவர் என்ற கட்டத்தை அமுக்கிவைத்திருந்தான். யசோதரா அதைப் பார்த்தாள்.

அடுத்த கேள்வியில் மாட்டிக்கொண்டான். இப்போதைய மட்டைகளின் நீளம், சாய்வு, எடை வேண்டுமாம். அளக்கத்தானே அவளுக்குச் சம்பளம் தருகிறார்கள்! எண்ணூரில் இரும்புப் பாகம் செய்யும் தொழிற்சாலையில், பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். ஓடித் தேய்ந்த பல்சக்கரமும் தண்டும் அவள் மேஜைக்கு வரும். எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே, எந்த மிஷின் கோணலாக ஓடுகிறது, எந்த ஷிப்டுக்காரன் கவனமில்லாமல் ஓட்டுகிறான் என்று சொல்லிவிடுவாள். மட்டைகளைக் கொண்டுவா என்றாள். அவன் நெளிந்தான்.

"அதுங்கள நீ பாக்காதமே. கலீஜா கீதுங்க."

அவளா கேட்கிறவள்? திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை, அவளுக்கும் இரண்டாவது ஷிப்ட். காலையிலேயே வெர்னியர் அளவுகோலையும் கோணமானியையும் பையில் போட்டுக்கொண்டு அவனோடு கிளம்பிவிட்டாள்.

மட்டைகள் இருந்தது திருவொற்றியூர் கரையில், அவன் தோஸ்து டில்லிபாபு வலை வைக்கிற கொட்டகையில். கடல் அரிக்காமலிருக்கக் கொட்டிய பாறைகளுக்கு நடுவே கொஞ்சம் ஈர மணல். அங்கே இரண்டு சவுக்குக் கழியில் ஒரு பழைய வலை தொங்கியது. தூரத்தில் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கப்பல்கள் நின்றன. டில்லிபாபு, அண்ணி வந்திருக்கிறாள் என்று ஒரு பெட்டியைக் கவிழ்த்துத் துடைத்துப் போட்டான்.

அவள் அளந்தாள். நம்பர் ஏற ஏறச் சாய்வு கூடி, பந்து போகும் தூரம் குறைய வேண்டும். ஆனால் நம்பர் ஐந்துக்கும் ஆறுக்கும் ஒரே சாய்வு. அப்படியானால் இரண்டும் ஒரே தூரம் போகுமே என்று கேட்டாள். தெரியும் என்றான் பீம்ராவ். ஐந்தைக் கொஞ்சம் வேறு மாதிரி அடித்துச் சரிக்கட்டிக்கொள்வானாம். ஏதோ பீடிக்குத் தீப்பெட்டி இல்லாததைச் சொல்வது போலச் சொன்னான்.

பிறகு மட்டையின் முகத்தைத் திருப்பித் துணியால் துடைத்தாள். நட்டநடுவில் முலாம் போய் மங்கிய வட்டம் ஒன்று தெரிந்தது, ஒரு ரூபாய்க் காசு அளவு. அடுத்த மட்டையை எடுத்தாள். அதிலும் வட்டம். மூன்றாவது. நான்காவது. பெட்டியிலிருந்து எழுந்து மணலில் முட்டி போட்டு ஏழையும் வரிசையாகப் படுக்கவைத்தாள். அடிவிளிம்பிலிருந்து வட்டத்தின் நடுவுக்கு வெர்னியரை வைத்தாள். ஏழு கம்பெனி, ஏழு வயது, ஏழு எடை. ஏழிலும் வட்டம் ஒரே இடத்தில் இருந்தது. வித்தியாசம் அரை அரிசி அகலம்கூட இல்லை. ஏதோ தப்பாகப் படித்துவிட்டோம் என்று முதலிலிருந்து மறுபடி அளந்தாள். மாறவில்லை.

தரையில் சிமெண்ட் போட்டு இறுக்கிய மிஷின்கூட இப்படித் தேய்ந்து அவள் பார்த்ததில்லை. தேய்மானம் என்றால் ஒரு பக்கம் இழுத்திருக்கும், ஓரத்தில் ஒரு கீறலாவது இருக்கும். இதில் வட்டத்துக்கு வெளியே இரும்பு புதுசாக இருந்தது.

எத்தனை வருஷமாக அடிக்கிறான் என்று டில்லிபாபுவைத்தான் கேட்டாள். பன்னிரண்டு வருஷம், தினமும் விடிந்ததும், வேலைக்கு ரயில் ஏறுமுன் இருநூறு பந்து என்றான் அவன். "ஈர மண்ணு அண்ணி. ஒரு நூலு முன்னாடி மண்ணத் தொட்டாலும் பந்து நவுராது. மொதல்ல நாங்க சிரிப்போம். அப்பால சிரிக்கிறத வுட்டுட்டோம்."

பரிசோதனைக்காரி இதோடு நம்பிவிடுவாளா? இரண்டு பாகம் எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க வேலையில் பூசும் நீல மை அவள் பையில் இருந்தது. ஏழாம் நம்பரின் முகம் முழுக்கப் பூசிக் கொடுத்து, பத்துப் பந்து அடி என்றாள். பீம்ராவ் வெட்கத்தோடு வாங்கிக்கொண்டான். முதல் பந்துக்கு மட்டையைத் தூக்கியதும் அந்த வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. டொக். வலை உள்வாங்கியது. டொக். பத்துக்கும் ஒரே சத்தம், ஒரே உயரம். மணலில் பந்துக்குப் பின்னால் ஒரு தடம்கூட விழவில்லை.

மட்டையை வாங்கிப் பார்த்தாள். பத்து இடத்தில் மை போயிருக்க வேண்டும். ஒரே இடத்தில்தான் போயிருந்தது.

யசோதரா மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிரமிப்பா, பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. குழாயடியில் இவனுக்குத் தண்ணீர் பிடிக்கத் தெரியாது என்று திட்டியிருக்கிறாள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொள்கிறான் என்று சிரித்திருக்கிறாள். அந்தக் கைகளா இவை? பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவனைப் பதினோரு வருஷமாக ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்று தோன்றியது. சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது.

"கெல்மோர் வேணாம்யா. அந்த மெல்லிசான டான்விக்க வாங்கு."

அவன் பதறிவிட்டான். பெங்களூரில் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் வருவார்கள், கை நடுங்கும், கெல்மோர் என்றால் தப்பை மூடி மறைத்துவிடும் என்று அடுக்கிக்கொண்டே போனான். இத்தனை வருஷம் பை தூக்கிய தோள் பேசுகிறது என்று அவளுக்குப் புரிந்தது.

"தப்பா பட்டா டான்விக்கு காட்டிக் குட்த்துடும் யசோ."

"நீ தப்பா அட்ச்ச எடத்தத்தான் நானும் இவ்ளோ நேரமா தேடிக்கினு கீறேன். ஏழுலயும் ஒண்ணுகூட கெடைக்கல."

பீம்ராவ் ஏழாம் நம்பரை அவளிடமிருந்து வாங்கித் திருப்பினான். பன்னிரண்டு வருஷமும் அவன் பந்தைப் பார்த்திருக்கிறான், போன தூரத்தைப் பார்த்திருக்கிறான். மட்டையின் முகத்தைப் பார்த்ததே இல்லை. நீல மைக்கு நடுவில் இருந்த வட்டத்தைக் கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் தடவினான். மற்ற ஆறையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தான்.

கடைசியில் பீம்ராவ் கைப்பேசியை எடுத்தான். கெல்மோர் படிவத்தை மூடினான். டான்விக் படிவத்திலும் அதே கேள்விதான் முதலில் வந்தது. நீங்கள் எப்படிப்பட்ட ஆட்டக்காரர்? நீயே அமுக்கிவிடு என்பதுபோலக் கைப்பேசியை அவளிடம் நீட்டினான். அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அலை இரண்டு முறை பாறையில் மோதித் திரும்பியது. பீம்ராவ் மை ஒட்டிய கட்டைவிரலை இறக்கினான். தொழில்முறை ஆட்டக்காரர் என்ற சின்னக் கட்டத்தின் மேல் நீலமாக ஒரு புள்ளி விழுந்தது, நட்டநடுவில். யசோதரா அதை அளக்க வெர்னியரை எடுக்கவில்லை.