கரும்புக்குள் ஒரு முகம்

முக்தா தேரே அன்று எடுக்க வந்தது ஒரு சாப்பாட்டுப் படம்தான். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் வட்டாரத்து வாழ்க்கையைப் படம்பிடித்துப் பத்திரிகைக்கு அனுப்புவது அவள் பிழைப்பு. சந்தையில் குவிந்த தக்காளி, அணைக்கரைப் பறவைகள், கல்யாணப் பந்தி எல்லாம் எடுத்தாகிவிட்டது. கரும்பு வெட்ட வந்தவர்களின் மதியச் சாப்பாடு மட்டும் பாக்கி இருந்தது.

வறண்ட பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்ட வந்த சிந்து, வயலோரக் குடிசை வாசலில் கம்பு மாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் லாரியோடு சர்க்கரை ஆலைக்குப் போயிருந்தான். மகள் சக்கூ சற்றுத் தள்ளி ரொட்டித் துண்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

“கையை மட்டுமே எடுக்கறீங்களே அக்கா, மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?”

“மூஞ்சியும் வரும். நீ கேமராவைப் பார்க்காம இரு.”

“அடுப்பைப் பார்த்தா ரொட்டியாவது கருகாது. சரிதான்.”

முக்தா சிரித்தாள். ஆனால் வந்ததிலிருந்தே ஏதோ ஒன்று அவளை உறுத்திக்கொண்டிருந்தது. கரும்பு வெட்டுகிற இடமென்றால் பூச்சி பொறுக்கக் கொக்குகள் காலைச் சுற்றி வரும். இன்று அவை வெட்டி முடித்த பக்கத்திலேயே நின்றன. வயலின் நடுவில் மிஞ்சியிருந்த கரும்புத் திட்டின் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. குடிசை நாயையும் காணோம்.

எடுத்த படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒன்றில் சிந்துவின் கை மங்கலாகிப் பின்னாலிருந்த கரும்பு மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது. அழிக்கப் போனவளின் விரல் நின்றுவிட்டது. காய்ந்த கரும்புச் சோகைகளுக்கு நடுவே, தரையோடு தரையாக, ஒரு முகம். அது அடுப்பைப் பார்க்கவில்லை. சக்கூவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முக்தா நிமிர்ந்தாள். சோகை மட்டும்தான் தெரிந்தது.

மேஸ்திரி நாம்தேவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“இது காஞ்ச இலை மேடம். சிறுத்தைன்னு சொன்னா பத்திரிகைக்காரன் கூடுதலா ரெண்டு படம் போடுவானோ? எங்களுக்கு அந்தத் திட்டை முடிச்சாத்தான் அடுத்த வயல்.”

“இலைக்கு மீசை இருக்குமா?”

அவள் பெரிய லென்ஸை மாட்டி அதே இடத்தைப் பார்த்தாள். முகம் இல்லை. அது இருந்த இடத்தில் சோகை அமுங்கிக் கிடந்தது. கேமராத் திரையில் அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் நாம்தேவின் சிரிப்பு அடங்கியது. அவன் கை தட்டினான். வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அரிவாளோடு வெளியே வந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் சாலையோரம் நின்ற டிராக்டர் டிரெய்லரில் ஏறினார்கள். முக்தா வனத்துறைக்குப் போன் செய்தாள். வருகிறோம், கிட்டே போகாதீர்கள் என்றார்கள்.

ஆள் சத்தம் அடங்கியதும் அது வெளியே வந்தது. பெண் சிறுத்தை. வாயில் ஒரு குட்டி தொங்கியது. வெட்டவெளியைத் தாண்டிப் பக்கத்துக் கரும்புக்குள் நுழைந்தது. திரும்பி வந்து இன்னொரு குட்டியைக் கவ்விப் போனது.

“போயிட்டா மகராசி,” என்றாள் டிரெய்லரில் ஒருத்தி.

போகவில்லை. மறுபடியும் வந்தது. திட்டுக்குள் போய் வெறும் வாயோடு வெளியே வந்தது. மண்ணை முகர்ந்தது. சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு தலையைத் தாழ்த்திக் குடிசைகளை நோக்கி நடக்கத் தொடங்கியது.

“எதைத் தேடுது?” நாம்தேவ் குடிசைகளைப் பார்த்தபடி எழுந்தான். அவன் பெண்டாட்டி காய்ச்சலோடு கடைசிக் குடிசைக்குள் படுத்திருந்தாள். ஏறின அவசரத்தில் யாருக்கும் அவள் நினைவு வரவில்லை, அவனுக்கும்கூட.

அப்போது சக்கூ தாயின் சேலையை இழுத்தாள்.

“ஆயி, பூனைக்குட்டிக்குப் பசிக்கும்.”

“எந்தப் பூனைக்குட்டி?”

“காலைல கரும்புக்குள்ள இருந்துச்சு. கோழிக்கூடைக்கு அடியில வெச்சிருக்கேன். நம்ம வீட்டுல.”

சிந்து மகளைத் தூக்கி நாம்தேவின் கையில் திணித்தாள். அவன் இறங்கி ஓடப் பார்த்தான்.

“ஓடினா உங்க மேலதான் பாயும் அண்ணா. எம் பொண்ணு செஞ்ச வேலை, நான் போறேன். அக்கா, அது எங்க இருக்குன்னு பார்த்துச் சொல்லிட்டே இருங்க.”

முக்தா டிரெய்லரின் பலகை மேல் லென்ஸை ஊன்றிக்கொண்டாள்.

“நட. வரப்புல நிக்குது. நட... நில்லு சிந்து. உன்னைப் பார்க்குது.”

சிந்து மரம்போல நின்றாள்.

“தலையைத் திருப்பிடுச்சு. இப்பப் போ.”

குடிசைக்குள் போனவள் வெளியே வர ஒரு யுகமானது. கூடையோடு குட்டியை அணைத்து எடுத்து வந்தாள். உள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். சிறுத்தை அவளை நோக்கி நேராகத் திரும்பியது. காது பின்னால் படிந்தது. லென்ஸுக்குள் அந்த முகம் மட்டும் நிறைந்திருந்தது. முக்தாவால் பேச முடியவில்லை. சிந்துவும் அவள் குரலுக்குக் காத்திருக்கவில்லை. கூடையைக் கீழே வைத்துச் சாய்த்துவிட்டு, முகத்தைத் திருப்பாமல், ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கினாள்.

குட்டி தட்டுத்தடுமாறி வெளியே வந்தது. தாய் அதை முகர்ந்தது, நக்கியது, மறுபடி முகர்ந்தது. மனித வாடை அதற்குப் பிடிக்கவில்லை போலும். விட்டுவிட்டுப் போய்விடுமோ என்று முக்தா பயந்தாள். கடைசியில் கழுத்தைக் கவ்வி, அவசரமில்லாமல், பக்கத்து வயலுக்குள் போய் மறைந்தது.

நாம்தேவ் குடிசைக்கு ஓடிப் பெண்டாட்டியைத் தோளில் தூக்கி வந்தான். டிரெய்லருக்குத் திரும்பிய சிந்து மகள் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அவளைக் கட்டிக்கொண்டு தேம்பினாள்.

“படம் எடுத்தீங்களா அக்கா?”

“இல்ல. எடுக்கத் தோணவே இல்ல.”

வனத்துறைக்காரர்கள் வந்து காலடித்தடத்தை அளந்தார்கள். ரெண்டு நாள் இங்கே யாரும் தங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பொழுது சாய்வதற்குள் வெட்ட வந்தவர்கள் குடிசைகளைப் பிரித்துச் சாலையோரம் கொண்டுவந்தார்கள். முக்தாவும் தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமந்தாள்.

“அடுத்து எந்த வயல் மேஸ்திரி?” என்று அவள் கேட்டாள்.

நாம்தேவ் மோவாயால் காட்டினான். சிறுத்தை குட்டிகளோடு நுழைந்த அதே கரும்பு.

“ஆலைக்காரன் வெட்டத் தேதி குடுத்துட்டான் மேடம்,” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சிந்து அரிவாளை எடுத்து மூட்டைக்குள் வைத்து, அதன் வாயை இறுக்கிக் கட்டினாள். “அது குட்டிகளைத் தூக்கிட்டுப் போற வரைக்கும் இது வெளிய வராது அண்ணா,” என்றாள்.