ஹெட்டி பக்கிள் வீட்டு மழை

தேம்ஸ் கரையில், கயிற்றுச் சந்தில், ஹெட்டி பக்கிளின் வீட்டின்மேல் மட்டும் பதினோரு வருஷம் மழை பெய்தது. பக்கத்து வீட்டுக் கூரையில் பூனை வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

ஆரம்பித்து வைத்தவர்கள் சினிமாக்காரர்கள். ஆற்றங்கரைக் குடும்பங்களைப் படம் எடுக்க வந்த அந்த ஓட்டாண்டிக் கம்பெனி, நடிகர்களுக்கு வழியில்லாமல் சந்துக்காரர்களையே நடிக்க வைத்தது. ஹெட்டியின் புருஷன் சிட் சரக்குப் படகு ஓட்டுகிறவன். கதைப்படி அவன் கோபித்துக்கொண்டு மழையில் ஆற்றுக்குப் போக வேண்டும். அவள் அவன் சட்டையைத் துவைக்க வேண்டும். புருஷன் ஆற்றுக்குப் போகிற நாளில் அங்கே எவளும் அவன் துணியை நனைக்கமாட்டாள்; நனைத்தால் ஆறு அவனைக் கொண்டுபோய்விடும். ஹெட்டி தயங்கினாள்.

"சும்மா நடிப்புதானேடி, தோய்" என்று சிட்டே சிரித்தான்.

குழாயால் மழை பீய்ச்சினார்கள். அவள் சட்டையைத் தோய்த்தாள். அவன் கதவைத் திறந்து போனான். அவன் திரும்பி வரும் காட்சியை எடுப்பதற்குள் கம்பெனி திவாலாகி மூட்டை கட்டியது. குழாயைச் சுருட்டிய பிறகும் மழை நிற்கவில்லை. சிட்டும் வரவில்லை.

ஆற்றில் கொக்கி போட்டுத் தேடினார்கள். எவளோடோ ஓடிவிட்டான் என்றும் பேசினார்கள். ஹெட்டி ஒழுகாத மூலைக்குக் கட்டிலை நகர்த்திவிட்டு, ஈரச் செருப்போடு ஜாம் தொழிற்சாலைக்குப் போய் வந்தாள். கொடியில் போட்ட சட்டை காயவேயில்லை. எதிர்வீட்டு டாப்ளியம்மா அவள் கூரைத் தண்ணீரில் கெண்டியை நிரப்பிக்கொண்டு, "இதுல டீ நல்லா எறங்குதுடி" என்பாள்.

பதினோராம் வருஷம் எவரோ அந்த அரைகுறைப் படத்தை வாங்கி ஒட்டி, ஒருவழியாகக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். தங்கள் வாசல்களைத் திரையில் பார்த்துச் சந்தே சிரித்தது. சிட் கதவைத் திறந்து போனான், படமும் முடிந்தது. நாளெல்லாம் நின்று வேலை பார்த்த ஹெட்டிக்கு அழக்கூடத் தெம்பில்லை. எழுந்து நின்றாள்.

"போதும் சிட். நடிச்சது போதும், வீட்டுக்கு வா."

உட்காரச் சொல்லிப் பின்னாலிருந்து அதட்டினார்கள்.

விடிந்ததும் சிட் வந்தான், சொட்டச் சொட்ட, ஒரு நரைகூட இல்லாமல். அவள் நரைத்த தலையைப் பார்த்தான்.

"ரொம்ப நேரம் ஆக்கிட்டாங்களா?"

"ஆமா. உக்காரு, டீ ஆறுது."

அவளுக்குச் சந்தோஷம்தான். அதைவிட அசதி பெரிதாக இருந்ததால் மேஜையிலேயே தலைசாய்த்துத் தூங்கிப்போனாள். வெளியே டாப்ளியம்மா காலிக் கெண்டியோடு நின்று, கூரைத் தண்ணீர் நின்றுவிட்டதென்று முணுமுணுத்தாள்.

அதன்பின் சிட் ஆற்றுக்குப் போகாத ஞாயிறுகளில் மட்டுமே ஹெட்டி துணி துவைத்தாள். ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை துவைப்பது அங்கே பெரிய பாவம். ஆனாலும் சந்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதல் ஞாயிறே அந்தச் சட்டை காய்ந்துவிட்டது.