இரண்டு அடுக்காய்ப் பிரிந்த மருந்து

என் தங்கை ட்வைலாவின் கணவன் பெயர் ஆரின். அவன் இரண்டு துப்பாக்கி மருந்துகளைக் கலந்தது செப்டம்பர் கடைசி வாரத்தில். அந்த வருஷம் எங்கள் ஐடஹோ பக்கத்துக் கடைகளில் துப்பாக்கி மருந்து வரத்து நின்றுபோயிருந்தது. தோட்டாவை வீட்டிலேயே அடைத்துக்கொள்கிற எங்களுக்கு அது பெரிய இடி. ஆரினிடம் இரண்டு டப்பாக்களின் மிச்சம் இருந்தது. ஒன்று கடுகு மாதிரி பொடி உருண்டை, வெளிர் நிறம், சட்டென்று எரிவது, அளவு மீறினால் துப்பாக்கியையே பிளந்துவிடும். மற்றது குச்சிக் குச்சியாய்க் கறுப்பு, நின்று எரிவது.

மேஜையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்துதான் இருக்க வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. அவன் இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் ஜாடியில் கொட்டிக் குலுக்கினான். கலந்தால் நடுவாந்திரமாக எரியும் என்பது அவன் கணக்கு. தோட்டா அடைக்கிற அளவுப் புத்தகத்தில் இதற்கு அளவே கிடையாது என்றேன்.

"புத்தகம் எழுதினவனுக்கு எல்க் மான் கறி வேண்டாம் மச்சான். எனக்கு வேணும்."

அப்போதே ஐந்து தோட்டா அடைத்தான். துப்பாக்கியைப் பழைய டயரில் கட்டி, விசையில் கயிறு மாட்டி, வண்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டு இழுத்தான். ஐந்தும் சாதுவாக வெடித்தன. வெடித்த தோட்டாக் கூடுகளில் கீறல்கூட இல்லை. "உன் கைக்குட்டையை எடுத்து வேர்வையைத் தொடைச்சுக்கோ" என்று சிரித்தான். நானும் வாயை மூடிக்கொண்டேன். நான் செய்த தவறு அதுதான்.

ஜாடி அவன் வண்டியிலேயே கிடந்தது. இரண்டு வாரம் தினமும் அலைஅலையாய்க் குழிந்த மண்சாலையில் வைக்கோல் ஏற்றி ஓட்டினான். அதற்குப் பிறகு ட்வைலாவுக்காக இருபது தோட்டா அடைத்துக் கொடுத்தான். வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாளே அவள் குதிரையோடு மலைமுகாமுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை தீவனமும் சாமானும் ஏற்றிக்கொண்டு நானும் ஆரினும் கிளம்பினோம். கணவாயைத் தாண்டியதும் வெயில் நேராகக் கண்ணாடியில் அடித்தது. முன்னால் கிடந்த ஜாடியை ஒதுக்கி வைக்க எடுத்தேன். அடியில் இரண்டு விரல்கடை மருந்து மிச்சம். மேலே கறுப்புக் குச்சிகள் நாலைந்துதான். கீழே அத்தனையும் வெளிர் பொடி.

அதை அவன் கண் முன்னால் பிடித்தேன். வண்டியை நிறுத்தினான்.

"மேலேர்ந்து அள்ளினியா?" என்றேன்.

"கரண்டியாலதான். வேற எப்படி?"

"சோதிச்சுப் பார்த்தது கலந்த அன்னிக்கு. அப்புறம் ரெண்டு வாரம் குலுங்கிருக்கு. பொடி பூரா அடிக்குப் போயிடுச்சு. நீ கடைசியா அடைச்சதுல குச்சி மருந்தே இருந்திருக்காது."

 தோட்டாக்களைப் பெட்டியில் எப்படி அடுக்கினாய் என்று கேட்டேன். வரிசைக்கு ஐந்தாக நாலு வரிசை, கடைசியில் அடைத்தது கடைசி வரிசையில் என்றான். அந்த மலையில் போன் எடுக்காது. அவன் வண்டியை விரட்டிய விரட்டலில் வைக்கோல் கட்டு ஒன்று விழுந்து உருண்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

முகாமுக்கு ஒரு மைல் இருக்கும்போது வெடிச்சத்தம் கேட்டது. ஒன்றே ஒன்று. வழக்கமான சத்தமாக இல்லை, கிழிந்த மாதிரி இருந்தது. ஆரின் எஞ்சினை அணைத்தான். இன்னொரு சத்தத்துக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

முகாமில் ட்வைலா அடுப்படியில் குந்தியிருந்தாள், காபிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு. துப்பாக்கி மரத்தில் சாய்ந்திருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆரின் அவளைத் தாண்டிப் போய்த் தோட்டாப் பெட்டியைத் திறந்தான்.

மூன்று வரிசை நிறைந்திருந்தது. கடைசி வரிசை காலி.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க ரெண்டு பேரும்?" என்றாள் என்னிடம்.

"இந்த அஞ்சு எங்கே?" என்றான் ஆரின்.

கீழ் முகாமில் லாய்ட் என்று ஒருவர் தனியாக வந்திருக்கிறாராம். தோட்டாப் பெட்டியை வீட்டு மேஜையிலேயே மறந்துவிட்டாராம். இவளுடையதும் அதே அளவுத் துப்பாக்கி. மலையில் இல்லையென்று கேட்பவருக்கு இல்லையென்று சொல்லும் பழக்கம் எங்களிடம் இல்லை. விடிகாலையில் ஒரு வரிசையை அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"காசு தர்றேன்னாரு, வேண்டாம்னுட்டேன். என் வீட்டுக்காரர் கையால அடைச்சது, கண்ணை மூடிட்டுச் சுடுங்கன்னு சொன்னேன்."

ஆரின் பெட்டியை மூடினான். நான் அவளுக்கு நடந்ததைச் சொன்னேன். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. முதலுதவிப் பையை எடுத்துக்கொண்டு சத்தம் வந்த சரிவை நோக்கி நடந்தாள்.

மேட்டில் ஏறியதும் கீழே புல்வெளி ஓரத்தில் ஆரஞ்சுத் தொப்பி தெரிந்தது. அந்த மனிதர் எங்களுக்கு முதுகு காட்டி, மரக்கட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி நாலடி தள்ளிக் கிடந்தது, அதன் பின்பாதி எங்கே என்று தெரியவில்லை. ட்வைலா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. வலது கை முகத்தோடு அழுந்தியபடியே இருந்தது.

அவளும் நானும் ஓடினோம். பாதிச் சரிவில் திரும்பிப் பார்த்தேன். ஆரின் மேட்டிலேயே நின்றுகொண்டிருந்தான்.